பல்செட்டுக்கு மூலிகைப் பற்பசை போடலாமா?

அம்மாவுக்கு மேல்பல் முழுசும் கட்டி ஐந்து வருடமாகிறது. கட்டின புதிதில் பல்செட் பீங்கான் மாதிரி மினுங்கும். ஒன்றரை வருடம் போனதும் மினுக்கம் செத்துவிட்டது, அண்ணத்தில் ஒட்டும் பக்கத்தை விரலால் தடவினால் சொரசொரப்பு, காலையில் கழுவிப் போட்டாலும் மத்தியானத்துக்குள் ஒரு வாடை. "கட்டின பல்லும் சூத்தையாகுமா மனே?" என்று அம்மா ஒருநாள் கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை.

பல் டொக்டரிடம் கொண்டுபோனோம். அவர் பல்செட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஃபோன் டோர்ச்சைச் சாய்வாக அடித்துக் காட்டினார். ரோஸ் நிறத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாக மயிரிழைக் கோடுகள், தும்பு போட்டுத் தேய்த்த அலுமினியச் சட்டியின் அடியைப் பார்த்த மாதிரி இருந்தது. "எதால தேய்க்கிறீங்க அம்மா?" என்றார். அம்மா பெருமையாகச் சொன்னார், "மூலிகைப் பேஸ்ட்தான் டொக்டர், கெமிக்கல் எதுவும் இல்ல, வெள்ளிக்கிழமையில உமிக்கரி." டொக்டர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. "அந்த ரெண்டும்தான்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு நானாக வாசித்து, வீட்டில் செய்து பார்த்துப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் களுவாஞ்சிகுடி வீட்டில் கிடைக்கிற சாமான்களை வைத்துத்தான் எல்லாம்.

ஒரு விஷயம் பிடிபட்டால் மீதி எல்லாம் தானாகப் பிடிபடும். பல்செட் பல் இல்லை. அந்த ரோஸ் நிறத் தட்டும், பெரும்பாலான செட்டுகளில் பற்களும், அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக். நூப் என்று கடினத்தை அளக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அதில் நம் சொந்தப் பல்லின் எனாமல் 300ஐத் தாண்டும், அக்ரிலிக் 20க்குக் கிட்டத்தான் வரும். பற்பசை செய்கிறவர்கள் எனாமலை மனதில் வைத்துத்தான் அதற்குள் அராவுகிற பொடியைப் போடுகிறார்கள். எனாமலுக்கு அது மெருகு, அக்ரிலிக்குக்கு அது அரத்தாள். கீறல் விழுந்தால் அழகு கெடும் என்பது மட்டுமில்லை, அந்தக் கீறலுக்குள் பிரஷ் மயிர் போகாது, ஆனால் கண்டிடா என்கிற பங்கசு தாராளமாகப் போய்க் குடியிருக்கும். வாடை, அண்ணம் சிவந்து எரிவது, கடைவாயோரம் வெடிப்பது எல்லாம் பல தடவை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அப்போ "இயற்கை" என்று போட்டிருந்தால்? வேப்பிலை, கராம்பு, மிஸ்வாக், கறுவா என்று பெட்டியில் படம் போட்டிருப்பது வாசனைக்கும் குணத்துக்கும் உரிய பகுதி. தேய்க்கிற வேலையைச் செய்வது வேறு பொருள். பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் பாருங்கள்: கல்சியம் கார்பனேட், ஹைட்ரேட்டட் சிலிக்கா, டைகல்சியம் பொஸ்பேட், அலுமினா, கயோலின் களி. இவற்றில் ஒன்று இரண்டு கட்டாயம் இருக்கும், பெரும்பாலும் பட்டியலின் தொடக்கத்திலேயே இருக்கும், அதாவது அளவிலும் அதுதான் கூட. கல்சியம் கார்பனேட் என்றால் சுண்ணக்கட்டி, இயற்கையிலும் இயற்கை, மலையையே வெட்டி எடுக்கிறார்கள். இயற்கையாக இருப்பதற்கும் மென்மையாக இருப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கடற்கரை மணலும் இயற்கைதானே.

உமிக்கரி இன்னும் மோசம். சம்மாந்துறைப் பக்கம் நெல் ஆலைகளில் குவிந்து கிடக்கிற உமியை முழுக்க எரித்தால் எடையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும், அந்தச் சாம்பலில் மிகப் பெரும் பகுதி சிலிக்கா, மணலில் இருக்கிற அதே பொருள். அம்மாவின் தலைமுறைக்கு உமிக்கரியில் தேய்த்துத்தான் பல் வெளுத்தது, சரி, அது எனாமல். பற்பொடியும் அப்படித்தான், பொதுவாகப் பசையைவிடப் பொடி கூடுதலாக அராவும். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று சொல்லி வைத்தவர்கள் பல்லுக்குத்தான் சொன்னார்கள், பிளாஸ்டிக்குக்கு இல்லை.

நம்பிக்கை வராவிட்டால் வீட்டிலேயே பார்க்கலாம். நான் செய்தது இது: ஒரு பழைய சீடியை எடுத்து மினுங்குகிற பக்கத்தை மார்க்கரால் நாலு பங்காகப் பிரித்தேன். ஒரு பங்கில் வெறும் தண்ணீர், அடுத்ததில் சவர்க்காரம், மூன்றாவதில் அம்மாவின் மூலிகைப் பேஸ்ட், நாலாவதில் உமிக்கரி. ஒரே மாதிரியான புதிய மெல்லிய பிரஷால் ஒவ்வொன்றையும் 200 தடவை தேய்த்துக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். தண்ணீரும் சவர்க்காரமும் பட்ட இடத்தில் என் முகம் தெளிவாகத் தெரிந்தது. பேஸ்ட் பட்ட இடம் மூச்சுவிட்ட கண்ணாடி மாதிரி மங்கியிருந்தது. உமிக்கரிப் பக்கத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. சீடி அக்ரிலிக் இல்லை, வேறு பிளாஸ்டிக், என்றாலும் அம்மாவுக்கு விளங்க வைக்க அது போதும். சீடியைக் கையில் வாங்கி இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இவ்வளவு காலமும் நான் பல்லை அராவியிருக்கன்" என்றார்.

இன்னொரு சின்னச் சோதனை. பேஸ்டில் கடலையளவு எடுத்து அதன்மேல் நாலு துளி தேசிக்காய்ப் புளி விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் உள்ளே சுண்ணக்கட்டி இருக்கிறது (அப்பச்சோடா போட்ட பேஸ்டும் பொங்கும், அதைப் பெட்டியில் பார்த்துப் பிரித்துக் கொள்ளலாம்). பொங்காவிட்டால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. சிலிக்கா புளிக்கு அசையாது, கண்ணாடி மாதிரித் தெரிகிற ஜெல் பேஸ்டுகளில் இருப்பதும் அதுதான்.

சரி, பிறகு எதால் கழுவுவது?

தினமும் சவர்க்காரம். வாசனை குறைந்த பேபி சவர்க்காரம் ஒரு கட்டி தனியாக வைத்துக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. வேப்ப எண்ணெய்ச் சவர்க்காரம் என்றால் இன்னும் நல்லது என்று நினைத்து நான் ஒரு கிழமை போட்டுப் பார்த்தேன், அம்மா தேநீர் குடிக்கும்போதெல்லாம் கைக்கிறது என்று ஏசினார், விட்டுவிட்டேன். பிரஷ் மிக மெல்லிய மயிர் உள்ளதாக இருக்க வேண்டும், சொந்தப் பல் மிச்சமிருக்கிறவர்கள் அதற்கு வேறு பிரஷ் வைத்துக் கொள்ள வேண்டும்.

கழுவுவதற்கு முன் ஒரு பேசினில் பாதிக்குத் தண்ணீர் பிடித்து, அடியில் ஒரு துவாயை மடித்துப் போடுங்கள். சவர்க்காரம் பட்ட பல்செட் விரால் மீன் மாதிரி, எப்போது நழுவும் என்று தெரியாது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கிணற்றடிச் சீமெந்தில் குந்தியிருந்து கழுவுகையில் கீழ்செட் விழுந்து நடுவால் இரண்டானது. அவர் மகன் சூப்பர் குளூ போட்டு ஒட்டிக் கொடுத்தான், அது மயிரளவு கோணலாக ஒட்டியதில் முரசு புண்ணாகி, கடைசியில் பழுதுபார்க்கவும் முடியாமல் புதிதாகவே கட்ட வேண்டி வந்தது. உடைந்தால் துண்டுகளை அப்படியே கொண்டுபோங்கள், ஒட்ட வேண்டாம்.

தேய்க்கும்போது எல்லாரும் முன்பல்லைத்தான் தேய்க்கிறார்கள், வெளியில் தெரிகிற இடம் அல்லவா. உண்மையில் அழுக்கு ஒளிந்திருப்பது முரசில் உட்காருகிற உள்பக்கத்தில். அங்கே மேடும் பள்ளமுமாக நம் அண்ணத்தின் அச்சு அப்படியே இருக்கும், பிரஷைச் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றி ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் விட வேண்டும். கம்பிக் கொளுக்கி உள்ள பகுதிச் செட் என்றால் கொளுக்கியின் உள்வளைவையும் மறக்காதீர்கள். இரண்டு நிமிடம் போதும். பிறகு நாலைந்து தடவை நன்றாக அலசுங்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கழற்றித் தண்ணீரில் அலம்பினால் இரவு வேலை பாதியாகிவிடும், அதிலும் மாமாங்கத் திருவிழாவில் வாங்கி வந்த கச்சான் சாப்பிட்ட அன்று கட்டாயம்.

சுடுதண்ணீர் வேண்டாம். கிருமி சாகட்டும் என்று கேத்தலில் கொதித்ததை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அக்ரிலிக் வளைந்துவிடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது, வாயில் போட்டால்தான் ஆடும். வெளிறிப்போகவும் கூடும். கிணற்றுத் தண்ணீர் இருக்கிற சூட்டிலேயே சரி.

இயற்கைச் சாமானில்தான் செய்ய வேண்டும் என்று மனம் கேட்டால் அதற்கும் வழி இருக்கிறது, அது பற்பசைக் கடையில் இல்லை, குசினியில் இருக்கிறது. அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி எடுத்து, சில துளி தண்ணீர் விட்டுத் தோசைமாவை விடத் தண்ணியாகக் குழைத்து, விரலாலோ மெல்லிய பிரஷாலோ மெதுவாகத் தடவிக் கழுவலாம். அப்பச்சோடா மென்மையான தூள், சுண்ணக்கட்டியைவிட மெது, தண்ணீரில் கரைந்தும் போகும், வாடையை நன்றாக எடுக்கும். கிழமைக்கு ஒரு தடவை போதும், பலத்தைக் காட்ட வேண்டாம். பேக்கிங் பவுடர் வேறு, அப்பச்சோடா வேறு, கடையில் மாறி வாங்காதீர்கள். உப்பு என்றால் முழுக்கக் கரைத்த தண்ணீரில் அலசலாம், கல்லாகத் தேய்க்கக் கூடாது.

காரை படிந்தால் வினாகிரி. கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறதே, அதுபோல உமிழ்நீரில் இருக்கிற கல்சியம் பல்செட்டிலும் படியும். கீழ் முன்பல்லின் உள்பக்கத்திலும் மேல் கடைவாய்ப் பல்லின் கன்னப் பக்கத்திலும்தான் முதலில் தெரியும், ஏனென்றால் உமிழ்நீர் வந்து விழுகிற வாய்கள் அந்த இரண்டு இடத்துக்கும் நேரே இருக்கின்றன. வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து 15, 20 நிமிடம் ஊற வைத்து, பிரஷ் போட்டு நன்றாக அலசுங்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை செய்தால் போதும். தடித்துப்போன காரையைக் கத்தி முனையால் சுரண்டப் போகாதீர்கள், அதை டொக்டர் மெஷினில் எடுப்பார். தேசிக்காயும் இதே வேலையைச் செய்யும், ஆனால் கம்பியோ உலோகத் தட்டோ உள்ள செட்டைப் புளிப்பில் ஊறப் போட வேண்டாம்.

வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒன்றாகக் கொட்டிப் பொங்க வைக்கிற வீடியோ எல்லாருக்கும் வந்திருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டுக் காற்றாகப் போய்விடும், மிஞ்சுவது உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்று. தனித்தனியாகப் போட்டால்தான் இரண்டுக்கும் வேலை. வினாகிரியை வெளுக்கிற திரவத்தோடு மட்டும் எந்தக் காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும், நெஞ்சை அடைக்கும். வெளுக்கிற திரவத்தைத் தனியாக, நன்றாக நீர்விட்டுப் பயன்படுத்துகிற முறை ஒன்று பல் வைத்தியத்தில் இருக்கிறது. அதிலும் 10 நிமிடத்துக்கு மேல் ஊறக் கூடாது, உலோகம் உள்ள செட்டுக்குக் கூடவே கூடாது. டொக்டர் சொன்னால் செய்யுங்கள், நீங்களாகச் செய்ய வேண்டாம்.

கராம்பு எண்ணெய் பற்றியும் கேட்பார்கள். கராம்பு போட்ட பேஸ்ட் வேறு, தனிக் கராம்பு எண்ணெய் வேறு. தனி எண்ணெயில் இருக்கிற யூஜினோல் அக்ரிலிக்கை இளக்கக்கூடியது, பல்செட்டில் நேரே தடவ வேண்டாம். அல்ககோல் சேர்ந்த வாய்கொப்பளிப்பானில் ஊறப் போடுவதும் வேண்டாம். மஞ்சள் தூள் கிருமியைக் கொல்லுமோ இல்லையோ, பல்செட்டைச் சாம்பார் நிறமாக்கும், அது மட்டும் நிச்சயம். தேங்காய் எண்ணெயால் கேடில்லை, ஆனால் அது கழுவாது, மேல்செட்டு அண்ணத்தில் ஒட்டி நிற்பதற்கு உமிழ்நீர்ப் படலம் வேண்டும், எண்ணெய் அதைக் குழப்பிவிடும்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் செம்மண் கறையை எடுக்கத்தான் பல பேர் கரகரப்பான பேஸ்டைத் தேடுகிறார்கள். தேய்க்கத் தேய்க்கக் கீறல், கீறலுக்குள் இன்னும் கறை, அது முடிகிற கதையில்லை. பல்செட்டைக் கழற்றிவிட்டுப் போட்டால் கறை குறையும்தான், ஆனால் புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2004இலேயே சொல்லிவிட்டது, ஆகவே கறை மட்டும் பிரச்சினை என்று நான் சொல்ல மாட்டேன். செட்டின் கீழே வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு, அல்லது இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் கண்டால் கடையில் களிம்பு வாங்கித் தடவிக் கொண்டிருக்காமல் வைத்தியசாலைப் பல் பிரிவில் காட்டுங்கள்.

இனி அந்த மூலிகைப் பேஸ்டை என்ன செய்வது? எறிய வேண்டாம். செட்டைக் கழற்றிய பிறகு நாக்கு, மிச்சமிருக்கிற பல் இதற்கெல்லாம் பேஸ்ட் போடலாம். வெறும் முரசுக்கு மெல்லிய பிரஷோ ஈரத்துணியோ போதும், கொஞ்சம் பேஸ்ட் பட்டாலும் குற்றமில்லை. ஆனால் பகுதிச் செட் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கொளுக்கி பிடித்திருக்கிற பல்லின் அடிவேரில் சூத்தை சுலபமாக விழும், அந்தப் பல் போனால் செட்டும் போச்சு. அந்தப் பல்லுக்கு ஃபுளோரைட் வேண்டும். மூலிகைப் பேஸ்டுகள் பலவற்றில் ஃபுளோரைட் இல்லை. பெட்டியில் ஃபுளோரைட் அளவு 1000 முதல் 1500 பிபிஎம் என்று போட்ட ஒன்றைச் சொந்தப் பல்லுக்கு வைத்துக் கொள்வதுதான் புத்தி. காத்தான்குடியில் இருக்கிற என் சிநேகிதியின் வாப்பா சொந்தப் பல்லுக்கு மிஸ்வாக் குச்சியும், பிறகு ஃபுளோரைட் பேஸ்டும், செட்டுக்குச் சவர்க்காரமும் என்று மூன்றையும் வரிசையாக வைத்திருக்கிறார், எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஃபாமசியில் விற்கிற நுரைக்கும் வில்லைகளும் நல்லவைதான், ஆனால் வில்லையில் ஊற வைத்தாலும் பிரஷ் போட வேண்டும், அது பிரஷுக்குப் பதில் இல்லை. எப்போதும் வாய்க்கு வெளியே கிண்ணத்தில்தான் ஊற வைக்க வேண்டும், எடுத்துப் போடும் முன் நன்றாக அலச வேண்டும். சில வில்லைகளில் பெர்சல்பேட் என்று ஒன்று இருக்கும், அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முரசு எரிந்தாலோ தடித்தாலோ நிறுத்திவிடுங்கள்.

இரவில் கழற்றுங்கள். அம்மாவை இதற்குச் சம்மதிக்க வைக்கத்தான் எனக்கு அதிக நாள் எடுத்தது, "ராவைக்கு யாராவது வந்தா வாயைத் திறக்க ஒண்ணாதே" என்பார். ஜப்பானில் 85 வயதும் அதற்கு மேலும் ஆன 524 பேரைப் பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், பல்செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா வருகிற அபாயம் மற்றவர்களைப்போல் இரண்டு மடங்கு என்று கண்டிருக்கிறார்கள். அதைச் சொன்ன பிறகுதான் கழற்றினார். கழற்றியதை உலர விடக் கூடாது, காய்ந்தால் வடிவம் மாறும். மூடியுள்ள பெட்டியில் மூழ்குகிற அளவு பச்சைத்தண்ணீர், தினமும் மாற்ற வேண்டும், பெட்டியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

அம்மாவின் செட்டை டொக்டர் மெருகேற்றிக் கொடுத்தார், முழுக்கப் பழையபடி ஆகவில்லை, உள்பக்கத்தை அப்படி மெருகேற்றவும் முடியாதாம், ஏற்றினால் இறுக்கம் போய்விடும். சவர்க்காரத்துக்கு மாறி ஒரு மாதத்தில் வாடை நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தாலோ கல்யாண வீட்டில் கழற்ற நேர்ந்தாலோ பேப்பரில் டிஷ்யூவில் சுற்றித் தலைமாட்டில் வைக்காதீர்கள், கூட்டுகிறவர்களுக்கு அது குப்பை. பெயர் எழுதிய பெட்டிதான். நாய் உள்ள வீடு என்றால் பெட்டி உயரத்தில் இருக்கட்டும். சாப்பாட்டு வாசனை அதற்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், எங்கள் மாமா ஒருவரின் கீழ்செட்டை இரண்டு நாள் தேடி, கடைசியில் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் கடித்த அடையாளத்தோடு எடுத்தோம்.